ஏழாம் வரிசைக் கட்டை

காஜாக்காரி ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு வேலைக்குப் போவாள். சாயங்காலம் அதில் முக்கால் பங்கு அப்படியே திரும்பி வரும். கொட்ட மனம் வராமல் அந்தத் தண்ணீரை அரிசி களைய எடுத்துக்கொள்வாள். ஒன்பது வருஷம் இப்படியே போனது. ஏன் குடிக்கவில்லை என்று வீட்டில் யாராவது கேட்டிருந்தால் "தாகம் எடுக்கல" என்றுதான் சொல்லியிருப்பாள். அது பொய்யும் இல்லை. தாகமும் வேலை நேரம் பார்த்து அடங்கக் கற்றுக்கொண்டிருந்தது.

அவள் வேலை பார்த்தது சட்டை தைக்கும் கம்பெனி. ஏழாம் வரிசையில் நாற்பத்து மூன்று பெண்கள். வரிசையின் ஒரு முனையில் துண்டுகளாக நுழையும் சட்டை, மறுமுனையில் பட்டனோடு வெளியேறும். யார் எந்தப் பாகத்தைத் தைக்கிறாளோ அதுவே அவளுக்குப் பெயர். காலர் தைப்பவள் காலர். கை முனை தைப்பவள் கஃப். கடைசியில் நின்றுகொண்டு நூல் பிசிறு வெட்டும் அம்மாவுக்குப் பிசிறு. "எனக்கு வீட்டுலயும் அதே பேருதான், மருமக வெச்சது" என்பாள் அவள். பட்டன் துளை போடுகிறவள் காஜா.

மற்ற தையல் தப்பினால் பிரித்துத் தைக்கலாம். காஜா மிஷின் துளையைச் சுற்றித் தைத்த கையோடு கத்தியை இறக்கி நடுவில் கீறிவிடும். தப்பாக விழுந்தால் சட்டையே போச்சு. அதனால் அவள் ஒவ்வொரு முறையும் சாக்பீஸ் குறியை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் மிதிப்பாள். "காஜா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று வரிசையில் அவளுக்கு ஒரு பேச்சு உண்டு.

சூப்பர்வைசர் மேஜைக்குப் பின்னால் சுவரில் ஒரு ஆணி. அதில் உள்ளங்கை அளவு மரக்கட்டை தொங்கும். மேலே வெள்ளைப் பெயின்டில் 7 என்று எழுதியிருக்கும். கழிப்பறைக்குப் போகிறவள் அதை எடுத்துக்கொண்டு போய், வந்ததும் மாட்ட வேண்டும். கட்டை ஆணியில் இல்லையென்றால் மற்றவர்கள் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். யார் எப்போது கொண்டுவந்த ஏற்பாடு என்று தெரியாது. கம்பெனி ஒட்டியிருந்த விதிகளில் அது இல்லவே இல்லை. அதைக் கட்டிக் காத்தது அந்தப் பெண்கள்தான். காரணம் இருந்தது. அன்றைக்கு முடிக்க வேண்டிய சட்டைகள் ஐந்து மணிக்குள் முடிந்தால் ஐந்துக்கே விடுவார்கள். முடியாவிட்டால் முடியும்வரை இருக்க வேண்டும். ஐந்தேகாலுக்கு ஒரு பஸ். அதை விட்டால் ஆறரைக்குத்தான். ஒருத்தி எழுந்து போனால் அவளுக்குப் பின்னால் இருக்கும் அத்தனை பேர் கையும் சும்மா நிற்கும் என்பது எல்லோருக்கும் மனப்பாடம்.

அதை எல்லோரையும்விட உரக்கச் சொன்னவள் காஜாவின் நாத்தனார். சட்டையின் பக்கவாட்டுத் தையல் போடும் மிஷின் அவளுடையது. காஜாவை இந்த வேலையில் சேர்த்துவிட்டவளும் அவள்தான். அவளுடைய மகளைப் பார்த்துக்கொள்ளும் இடத்தில், ஐந்தே முக்காலுக்கு மேல் ஒரு நிமிஷம் ஆனாலும் பிள்ளையை வாசல்படியில் உட்காரவைத்துவிட்டுக் கதவைச் சாத்திவிடுவார்கள். "கட்டையை எடுத்துட்டுப் போனவ அங்கேயே குடித்தனம் பண்றாளா?" என்று அவள் போடும் சத்தம் கழிப்பறைக்குள் இருப்பவளுக்கே கேட்கும். வரிசை சிரிக்கும். காஜாவும் சேர்ந்து சிரித்தவள்தான்.

ஒரு நாள் மத்தியானம் இரண்டு மணிக்குக் கட்டையைக் காணவில்லை.

மேஜைக்கு அடியில், துணிக் கூடையில், கழிப்பறை ஜன்னல் விளிம்பில் எல்லாம் தேடினார்கள். அதற்குக் கொஞ்சம் முன்பு போய்வந்தவள் காஜா. "நான் வந்த உடனே மாட்டிட்டேன்" என்றாள், மிஷினிலிருந்து கண்ணை எடுக்காமல். அவளிடம் தைக்க வேண்டிய துணிக்கட்டு, பண்டில், குவிந்து கிடந்தது. காஜா சொன்னால் சரியாகத்தான் இருக்கும். அதற்கு மேல் அவளை யாரும் கேட்கவில்லை. சூப்பர்வைசர் அன்று மத்தியானம் முழுவதும் கட்டிங் பிரிவில் இருந்தார். போகக் கூடாது என்று சொல்ல அங்கே ஆளே இல்லை. ஆனாலும் இரண்டு மணியிலிருந்து ஐந்து மணிவரை நாற்பத்து மூன்று பேரில் ஒருத்திகூடக் கழிப்பறைக்கு எழுந்து போகவில்லை.

காலருக்குக் காலையிலிருந்தே காய்ச்சல். கல்யாணமாகி ஆறு மாதம் ஆகியிருந்தது. நாலு வார்த்தை கேட்டால் ஒரு வார்த்தை பேசுகிற பெண். நாலரை மணிக்கு அவள் ஸ்டூலுக்குக் கீழே தரை நனைந்தது. அவள் தையலை நிறுத்தவில்லை. தலையை இன்னும் குனிந்துகொண்டு அடுத்த காலரை எடுத்து வைத்தாள். பிசிறம்மா வெட்டுத் துணியை இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டு வந்து அவள் காலடியில் போட்டுவிட்டு, ஒன்றும் நடக்காததுபோலத் திரும்பிப் போனாள். அன்றைக்கு ஐந்து மணிக்கே சட்டைகள் முடிந்தன. எல்லோருக்கும் பஸ் கிடைத்தது.

வீட்டில் ஏப்ரனைத் துவைக்க எடுத்து, பையைக் காலி செய்தாள் காஜா. கத்தரி, அளவு நாடா, சாக்பீஸ், இரண்டு பாபின். எல்லாவற்றுக்கும் அடியில் கட்டை.

"என்னது அது?" என்றான் கணவன், தட்டிலிருந்து நிமிர்ந்து. அவன் ஒரு கிடங்கில் காவல் வேலை பார்ப்பவன்.

அவள் நடந்ததைச் சொன்னாள்.

"காலையில முதல் ஆளாப் போய் மாட்டிடு. யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமே."

"உனக்குத் தெரிஞ்சா என்ன? நீ வாயைத் திறந்து யார்கிட்ட சொல்லப்போறே?" என்று சிரித்துவிட்டு மோர் கேட்டான்.

அவன் சொன்னபடியே விடிந்ததும் போய் மாட்டினாள். சூப்பர்வைசர்தான் எடுத்து வைத்திருந்திருப்பார் என்று சிலர் பேசிக்கொண்டார்கள். காலர் அன்று வரவில்லை. சிறுநீரகத்தில் கிருமி, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று மூன்றாம் நாள் செய்தி வந்தது. அந்தப் பெண் திரும்பி வர வேண்டும். வந்து, வேண்டும்போது ஸ்டூலை விட்டு எழுந்து போக வேண்டும். காஜாவுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். அதற்கு என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்த ஒன்றைச் செய்தாள்.

பத்து நாற்பதுக்குக் கையிலிருந்த பண்டிலை முடித்தாள். ஊசியை மேலே தூக்கி, மிஷினை அணைத்து, மேஜைக்குப் போனாள்.

"போயிட்டு வரேன் சார்."

"கட்டை?"

"வேணாம் சார்."

சூப்பர்வைசர் அவளையும் ஆணியையும் மாறி மாறிப் பார்த்தார். இதற்கு என்ன சொல்வது என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. அவள் போய்விட்டு நாலு நிமிஷத்தில் வந்தாள். மிஷினின் பச்சைப் பக்கத்தில் சாக்பீஸால் 10.40 – 10.44 என்று எழுதினாள். மத்தியானம் இன்னொரு முறை. மறுநாளும் அதே, அதற்கு மறுநாளும் அதே.

"அண்ணி, உங்களுக்குக் கட்டையைத் தூக்கக் கை வலிக்குதா?" என்றாள் நாத்தனார், பஸ்ஸில்.

"இல்லம்மா."

"அப்புறம் என்ன புதுப் பழக்கம்? இன்னைக்கு நீங்க, நாளைக்கு இன்னொருத்தி. ஆளுக்கு ஆள் எழுந்து போனா நாம எத்தனை மணிக்கு வீடு போறது? என் பிள்ளை படியில உட்கார்ந்திருக்கும், நீங்க வந்து தூக்குவீங்களா?"

"நாலு நிமிஷம்தான் ஆகுது. எழுதி வெச்சிருக்கேன், வந்து பாரு."

"எழுதி வெச்சிருக்காங்களாம். பெரிய கலெக்டர்!" என்று எழுந்துபோய் வேறு சீட்டில் உட்கார்ந்தாள். அன்றிலிருந்து பஸ்ஸில் காஜாவுக்குப் பக்கத்துச் சீட் காலியாக வந்தது.

முதல் மாதத்தில் மூன்று நாள் ஐந்து மணி தாண்டியது. ஒரு நாள் கரண்ட் போனதால், ஒரு நாள் கஃப் துணி தப்பாக வெட்டி வந்ததால், ஒரு நாள் ஏனென்று யாருக்கும் தெரியாமல். மூன்றுக்கும் பழி அவள் தலையில் விழுந்தது. சாப்பாட்டு வேளையில் அவள் போய் உட்கார்ந்ததும், பேச்சு பாதியில் நின்று எல்லோருக்கும் டிபன் பாக்ஸ் கழுவ அவசரம் வந்துவிடும். மூன்றாவது நாள் மழை. நாத்தனாரின் பெண் குழந்தை ஒரு மணி நேரத்துக்கு மேல் படியில் நனைந்திருந்தது. காஜா மறுநாள் நாத்தனாரின் மிஷினுக்குப் போய், "நாலு மணிக்கு மேல நான் எழுந்திருக்க மாட்டேன். அது மட்டும் உறுதி" என்றாள். "தியாகிக்கு ஒரு மாலை போடுங்கடி" என்றாள் நாத்தனார். ஆனாலும் காஜா சொன்னபடி நடந்தாள். நாலு மணிக்கு மேல் எவ்வளவு முட்டினாலும் எழுந்திருக்கவில்லை.

கட்டையை எடுத்துக்கொண்டே போனால்தான் என்ன என்று அவளுக்குத் தோன்றாத நாள் இல்லை. கை எட்டும் தூரத்தில்தான் தொங்கியது. எடுத்தால் அன்றே எல்லோரும் சிரித்துப் பேசுவார்கள். சில காலைகளில் பத்து நாற்பது வராமலே இருந்தால் தேவலை என்றிருக்கும். உடம்புக்குத் தேவையே இல்லாத நாட்களில்கூடப் போய் வெறுமனே குழாயடியில் நின்றுவிட்டு வந்தாள்.

ஒரு நாள் அப்படி அவள் போனபோது பிசிறம்மாவும் கத்தரியை வைத்துவிட்டுப் பின்னாலேயே வந்தாள்.

"நீங்க எதுக்கும்மா?"

"எனக்கு என்ன இன்கிரிமென்டா வரப்போகுது? காத்திருந்து காத்திருந்து அறுபது ஆயிடுச்சு. இனிமே கட்டைக்கு வேற காத்திருக்கணுமா?"

அன்றிலிருந்து கட்டை எடுக்காதவர்கள் இரண்டு பேர்.

காலர் ஆஸ்பத்திரியில் சேர்ந்து பத்து நாளிலேயே வேலைக்குத் திரும்பியிருந்தாள், இளைத்து. சாப்பாட்டு இடைவேளையில் மட்டும் எல்லோரோடும் சேர்ந்து கழிப்பறைக்குப் போவாள். மற்ற நேரத்தில் கட்டை தொங்கினாலும் எழுந்திருக்க மாட்டாள். ஒரு நாள் காஜாவின் மிஷினுக்குப் பக்கத்தில் நூல் எடுக்கிற மாதிரி குனிந்தாள்.

"அக்கா, நீங்க எழுந்து போகும்போதெல்லாம் எல்லாரும் திரும்பி என்னைத்தான் பாக்குறாங்க. விட்டுடுங்களேன்."

அன்றைக்கு முழுக்கக் காஜா எழுந்திருக்கவில்லை. அந்த ஒரு நாள் மட்டும்தான் மிஷினில் சாக்பீஸ் எழுத்து இல்லை. மறுநாள் பத்து நாற்பதுக்கு எழுந்தபோது காலரின் முதுகைப் பார்க்காமல் போனாள்.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை கேன்டீனில் வரிசைக் கூட்டம் நடக்கும். மேனேஜர் தேனாகப் பேசுவார். "நான் எதுவும் சொல்ல மாட்டேம்மா. நீங்களே பேசி நீங்களே கை தூக்குங்க." கட்டை இருக்க வேண்டும் என்று நாற்பத்தொரு கை உயர்ந்தது. அதில் காலரின் கையும் இருந்தது. வேண்டாம் என்றது இரண்டு. அடுத்த கூட்டத்திலும் அதே கணக்கு. இரண்டு முறையும் காஜா எழுந்து, சத்தம் போடாமல், ஒரே பேச்சைத்தான் பேசினாள். "கட்டை இல்லாமப் போனாலும் நாலு நிமிஷம்தான். எழுதி வெச்சிருக்கேன். வந்து பாருங்க." யாரும் வரவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஒரு சாயங்காலம், பாட்டிலை மறந்துவிட்டுத் திரும்பி வந்த காஜா, தன் மிஷினுக்குப் பக்கத்தில் கஃப் குனிந்து நின்று சாக்பீஸ் எழுத்தை விரலால் கூட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். கஃப் திடுக்கிட்டு, "எண்ணெய் கசியுதோன்னு பாத்தேன்" என்றாள்.

மூன்றாவது கூட்டத்துக்கு முன்பு ஒரு பேச்சுக் கிளம்பியது. அன்றைக்குக் கட்டையை எங்கேயோ போட்டது காலர்தானாம்; காய்ச்சல் மயக்கத்தில் எடுத்துப் போய் எங்கோ வைத்துவிட்டாளாம்; அவள் பண்ணிய தப்புக்கு அவளே அனுபவித்தாளாம். யார் ஆரம்பித்தது என்று தெரியவில்லை. சாப்பாட்டு மேஜையில் காலர் இருக்கும்போதே அது காதில் விழுந்தது. அவள் சாப்பாட்டை மூடி வைத்தாள்.

கூட்டத்தில் காஜா எழுந்தாள். வழக்கமான நாலு நிமிஷப் பேச்சு என்று எல்லோரும் கொட்டாவி விட்டார்கள்.

"அன்னைக்குக் கட்டை என் ஏப்ரன் பையில இருந்துச்சு" என்றாள். "நான் மாட்டிட்டேன்னு சொன்னேன். மாட்டல. வீட்டுக்குப் போய்தான் பாத்தேன். மறுநாள் நான்தான் கொண்டாந்து மாட்டினேன். இந்தப் பொண்ணு அதைத் தொடவே இல்ல."

கொட்டாவி விட்டவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

"அடிப் பாவி" என்றது ஒரு குரல். பிறகு எல்லாக் குரலும் ஒன்றாகக் கிளம்பியது. "இவ பையில வெச்சுக்கிட்டு நம்மளைத் தேட விட்டிருக்கா பாரு!" "இதுக்குத்தான் இத்தனை நாடகமா?" நாத்தனார் மட்டும் அண்ணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேனேஜர் மேஜையைத் தட்டினார்.

"சரி, கட்டை இவ பையில இருந்துச்சு" என்றாள் பிசிறம்மா, உட்கார்ந்த இடத்திலிருந்தே. "நம்ம காலெல்லாம் யார் பையில இருந்துச்சு?"

யாரோ ஒருத்தி பக்கென்று சிரித்துவிட்டு, சிரித்ததற்கு வாயைப் பொத்திக்கொண்டாள். மற்றவர்கள் சிரிக்கவில்லை. அவரவர் மடியைப் பார்த்துக்கொண்டார்கள். மூன்று மணி நேரம் ஒரு மரத்துண்டு ஆணியில் இல்லை என்பதற்காக, தடுக்க ஆளில்லாத இடத்தில், தாங்களே உட்கார்ந்திருந்ததை அன்றைக்குத்தான் முதல்முறையாக ஒருவர் வாய்விட்டுச் சொல்லி அவர்கள் கேட்டார்கள்.

அதனால் கை மாறிவிடவில்லை. கட்டை வேண்டும் என்பதற்கு முப்பத்தாறு. வேண்டாம் என்பதற்கு ஆறு. அதில் கஃப்பும் உண்டு. மேனேஜர் இரண்டு தடவை எண்ணினார். "ஒண்ணு குறையுதே, யாரு தூக்கல?" காலர் இரண்டு கையையும் மடியில் கோத்து வைத்திருந்தாள். யாரும் காட்டிக்கொடுக்கவில்லை.

காஜாவுக்கு எல்லாம் இன்னும் மோசமாகத்தான் ஆனது. முன்பு பிடிவாதக்காரி, இப்போது புளுகுணி. காலர் அதற்குப் பிறகு அவள் பக்கம் நூல் எடுக்கக்கூட வரவில்லை. "சொன்னதால என்ன வந்துச்சு?" என்றான் கணவன். "வாயை மூடிட்டு இருந்திருக்கலாம்." அவளுக்கும் சில நாள் அப்படித்தான் பட்டது. ஆனாலும் பத்து நாற்பதுக்குப் பண்டிலை முடித்து, ஊசியைத் தூக்கி, மிஷினை அணைத்து எழுந்தாள்.

எப்போது மாறியது என்று தேதி சொல்ல முடியாது. கட்டை வெளியே போயிருக்கும்போது ஒருத்தி, "அவசரம், ஒரு நிமிஷம்" என்று எழுந்து போனாள். இன்னொருத்தி கட்டையை எடுக்க மறந்து பாதி வழி போய், திரும்பி வரச் சோம்பல்பட்டு அப்படியே போனாள். "நான் காஜா மாதிரியெல்லாம் இல்லப்பா, எனக்கு நிஜமாவே வயிறு சரியில்ல" என்று ஒருத்தி விளக்கம் சொல்லிவிட்டுப் போனாள். ஐந்து மணிக்கு வழக்கம்போல வேலை முடிந்தது. வாரக்கணக்கில் கட்டை தொட ஆளில்லாமல் தொங்கியது. ஒரு நாள் ஆணி மட்டும் இருந்தது. அயர்ன் மேஜையின் ஒரு கால் ஆடுகிறதென்று யாரோ அதை எடுத்து முட்டுக் கொடுத்திருந்தார்கள். அடுத்த கூட்டத்தில் அந்தப் பேச்சே வரவில்லை. கேன்டீன் சாப்பாட்டில் கல் இருப்பதைப் பற்றிப் பேசினார்கள்.

இரண்டு வருஷம் போயிற்று. பிசிறம்மா வேலையை விட்டு நின்றுவிட்டாள். நாத்தனார் பஸ்ஸில் மறுபடி பக்கத்தில் உட்கார ஆரம்பித்திருந்தாள். எப்போதிலிருந்து என்று இருவருமே சொல்லிக்கொள்ளவில்லை. பாக்கெட் தைக்கப் புதிதாகச் சேர்ந்த பெண் ஒரு நாள் சாப்பாட்டு வேளையில், பக்கத்து வரிசையில் ஏன் கட்டை மாட்டியிருக்கிறார்கள் என்று கேட்டாள்.

"அதை ஏன் கேக்கறே" என்றாள் நாத்தனார். "இங்கேயும் இருந்துச்சு. நாங்க விடல. மனுஷங்களா மாடுங்களான்னு மேனேஜர் முகத்துக்கு நேராக் கேட்டோம். எல்லாரும் ஒண்ணா நின்னோம், தூக்கி எறிஞ்சுட்டோம்." சுற்றியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். யாரும் பொய் சொல்வதுபோல இல்லை. அப்படித்தான் அவர்களுக்கு ஞாபகம் இருந்தது. "அண்ணியும் நம்ம கூடத்தான் இருந்தாங்க, இல்ல அண்ணி?"

காஜா வாயில் இருந்த சோற்றை மென்று விழுங்கினாள். திருத்திச் சொல்ல ஆரம்பித்தால் எங்கிருந்து ஆரம்பிப்பது என்று பார்த்தாள். சாப்பாட்டு நேரத்தில் இன்னும் ஆறு நிமிஷம்தான் இருந்தது. "ஆமா" என்றாள்.

வரிசையில் எல்லோரும் இப்போது வேண்டும்போது போய் வந்தார்கள். காலர் மட்டும் போகவில்லை. காலையில் உட்கார்ந்தால் சாப்பாட்டு மணிவரை, அப்புறம் ஐந்துவரை. அவள் முதுகு காஜாவின் இடத்திலிருந்து நன்றாகத் தெரியும். இரண்டு வருஷமாக அதைப் பார்த்துக்கொண்டேதான் காஜா துளை போட்டாள். மற்ற நாற்பது பேரும் எழுந்து போனது, அயர்ன் மேஜைக்கு அடியில் கட்டை கிடப்பது எல்லாம் அந்த முதுகு அசையாதவரை பாதி தைத்த சட்டை மாதிரிதான் அவளுக்கு.

அன்று பதினொன்றேகால் இருக்கும். காலர் கையிலிருந்த பண்டிலை முடித்தாள். ஊசியை மேலே தூக்கினாள். மிஷினை அணைத்தாள். எழுந்து நின்றாள்.

காஜா பார்வையைத் துணிக்குத் திருப்பிக்கொண்டாள். தான் நிமிர்ந்தால் வரிசையே நிமிரும் என்று அவளுக்குத் தெரியும். காலர் மிஷின்களுக்கு நடுவே நடந்து வந்தாள். காஜாவைத் தாண்டும்போது நிற்கவில்லை, பார்க்கவும் இல்லை. கழிப்பறைக் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். காலரிடமிருந்து துணி வராமல் அவளுக்குப் பின்னால் இருந்த மிஷின்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன.

"போனவ அங்கேயே குடி—" என்று பழைய வழக்கத்தில் ஆரம்பித்தாள் நாத்தனார். யார் போயிருக்கிறாள் என்று காலி ஸ்டூலைப் பார்த்தாள். திரும்பி அண்ணியைப் பார்த்தாள். காஜா குனிந்தே இருந்தாள். நாத்தனார் இருமுவதுபோல ஒரு சத்தம் செய்துவிட்டு, தன் மிஷினில் இல்லாத தூசியைத் துணியால் துடைக்க ஆரம்பித்தாள்.

ஆறு நிமிஷம் கழித்துக் காலர் வந்து உட்கார்ந்தாள். மிஷின் ஓடத் தொடங்கியது. காஜாவின் கை தானாக ஏப்ரன் பைக்குள் போய்ச் சாக்பீஸைத் தொட்டது. பிறகு அதை அங்கேயே விட்டுவிட்டு வெளியே வந்தது. அவளுக்கு முதுகு வலித்தது. சாப்பாட்டு மணி அடிக்கும் பன்னிரண்டரை ஆக இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. அடுத்த சட்டையை இழுத்து, குறியை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு மிதித்தாள்.